இரவு விடுதியிலும் முழு விலையை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மளிகைக் கடை நடத்துகிறேன். மகளையும் மருமகனையும் பார்க்கச் சிங்கப்பூர் வந்திருக்கிறேன். இரவு விடுதிகளில் (நைட் கிளப்) விலை அதிகம் என்று உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். விலை அதிகம் என்பதில் எனக்கு வருத்தமில்லை. அதை எழுதி வைக்கும் விதம்தான் சரியில்லை.

மகளின் அலுவலக நண்பர்களோடு ஒரு புதன்கிழமை கிளார்க் கீ பக்கம் ஒரு விடுதிக்குப் போனோம். அன்று பெண்கள் இரவு. சுங்குடிச் சேலையில் போன எனக்கும் அனுமதி இலவசம். வயது 18 ஆகியிருக்க வேண்டும், அதற்கு மேல் எத்தனை ஆனாலும் கேள்வியில்லை. மருமகன் அனுமதிக்கு 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார். கூட வந்த பையன் ஒருவன் செருப்பு போட்டிருந்ததால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பாவம், வீட்டுக்குப் போய் ஷூ மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

உள்ளே மேளம் காதைத் தாண்டி நெஞ்செலும்பில் அடித்தது. எனக்குப் பிடித்திருந்தது. யாராவது பெரிய பாட்டில் வாங்கினால் அதன் கழுத்தில் மத்தாப்பு கொளுத்தி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வருகிறார்கள். மாப்பிள்ளை அழைப்பு தோற்றது! காசு கொடுத்தவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அந்தச் சந்தோஷத்துக்கு விலை உண்டு, கொடுக்கட்டும்.

சோபாவில் உட்கார வேண்டுமென்றால் குறைந்தது 500 வெள்ளிக்கு மது வாங்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் ஆறு பேர் பங்கு போட்டு ஒத்துக்கொண்டார்கள். பில் வந்தபோது 599.50 வெள்ளி. 10% சேவைக் கட்டணம் 50 வெள்ளி. அது சேர்ந்த 550-க்கு 9% பொருள் சேவை வரி 49.50. விலைப் பட்டியலின் அடியில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி (++) போட்டிருந்ததைக் கைபேசி வெளிச்சத்தில்தான் பார்க்க முடிந்தது. சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்கு அர்த்தமாம். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் பங்குக்கு 85 வெள்ளி எடுத்து வைத்திருந்தாள். 100 என்றதும் அவள் முகம் சுருங்கிப்போனது. என் கோபமெல்லாம் அதற்குத்தான்.

அப்புறம் விசாரித்துப் பார்த்தேன். விஸ்கி போன்ற மதுவுக்கு ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி தீர்வை. 40% உள்ள 700 மில்லி பாட்டிலில் அது 24.64 வெள்ளி. மேலே வாடகை, இசை, விடியற்காலை வரை நிற்கும் ஊழியர் சம்பளம் எல்லாம் இருக்கிறது. நியாயம்தான். எவ்வளவு வேண்டுமானாலும் விலை வையுங்கள், முழுதாக வையுங்கள்.

இந்த ஊரில் கடைகள் வரி சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு. உட்கார்ந்து சாப்பிட்டால் சேவைக் கட்டணம் உண்டு, பொட்டலம் கட்டி வாங்கினால் கிடையாது, அதனால் ஒரே விலையைப் போடுவது சிரமம் என்று உணவகக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். இரவு விடுதியில் யார் பொட்டலம் கட்டி வாங்குகிறார்கள்? வீடு திரும்ப டெக்சிக்குச் செயலியைத் திறந்தால், நள்ளிரவு தாண்டியும்கூட ஏறும் முன்பே முழுத் தொகை தெரிகிறது.

என் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'எல்லா வரிகளும் உட்பட' என்று விலை அச்சாகியிருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் குற்றம். உணவகங்கள் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. சேவைக் கட்டணம் இருக்கட்டும், 500 என்று எழுதிய இடத்தில் 599.50 என்று எழுதட்டும்.

உள்நாட்டு வருவாய் ஆணையம் இரவு விடுதிகளுக்காவது இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும். உங்கள் நிருபர்கள் ஆணையத்திடமும் விடுதிக்காரர்களிடமும் கேட்டுப் பதிலை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
திருச்சி வாசகி