முதலில் ஒரு தேதியைப் பேசி முடிவு செய்யுங்கள்: குமரி மாவட்டத்துப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நானும் இந்த மாவட்டத்துக்காரிதான், கல்குளம் தாலுகா. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை, அதாவது டிஎன்பிஎஸ்சி எழுதி அரசு வேலைக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், திங்கள்சந்தை என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்பதைவிட வீட்டைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசுகிறார்கள். அதனால் இந்த மடலைப் பிள்ளைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மகனோ மகளோ எந்தத் தேர்வை எழுதப்போகிறார், எத்தனை வருஷம் எழுதப்போகிறார், கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பதை ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்தத் தேதி வரும்வரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள்.

உங்கள் ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை நாம் திருவிதாங்கூர் ஆட்சியின் கீழும் அதன் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். அந்தச் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகம் எட்டாத ஒன்றாக இருந்தது. ஈழவரான டாக்டர் பல்பு மருத்துவம் படித்தும் சொந்த சமஸ்தானத்தில் வேலை கிடைக்காமல் மைசூருக்குப் போனார். அரசுப் பள்ளியும் அரசு வேலையும் தங்கள் மக்களுக்கும் வேண்டும் என்று 1896-இல் 13,176 ஈழவர்கள் கையெழுத்திட்டு மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். அப்படிக் கேட்டு வாங்க வேண்டியிருந்த மண் இது. சர்க்கார் சோலி என்றால் இங்கே சம்பளம் மட்டும் இல்லை, மரியாதையும் சேர்ந்ததுதான். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படித்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறோம், படிப்புக்கேற்ற வேலை தரும் தொழில் அந்த அளவுக்கு இல்லை. ரப்பர், தென்னை, கடல், இல்லாவிட்டால் வளைகுடா. பிள்ளை நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் உட்கார வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் என்ன தப்பு?

ஆனால் அந்த ஆசை தினமும் கேள்வியாக வரும்போது பிள்ளையின் மனசு நோவதோடு நிற்பதில்லை, படிப்பின் திட்டமே கலைந்துபோகிறது. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் வரும் ஒரு பையன் யுபிஎஸ்சிக்கு, அதாவது ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற குடிமைப் பணிகளுக்கான மத்திய அரசுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தான். ஆறு மாதத்தில் வீட்டில், “வங்கிப் பரீட்சை வந்திருக்காமே, அதையும் போடு” என்றார்கள். போட்டான். அப்புறம் ரயில்வே. அப்புறம் மத்திய அரசு அலுவலக வேலைகளுக்கான எஸ்எஸ்சி. அதற்குள் டிஎன்பிஎஸ்சியின் குரூப் 4 அறிவிப்பும் வந்தது. எதையும் விடாமல் எழுதினால் ஏதாவது ஒன்று கிட்டும் என்பது வீட்டின் கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் சரியான கணக்காகத்தான் தெரியும். ஆனால் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு பழக்கத்தைக் கேட்கும் தேர்வுகள்.

வங்கித் தேர்வின் முதல் கட்டம் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி. வேகம்தான் அதற்கு உயிர். யுபிஎஸ்சி முதல்நிலையில் பொது அறிவுத் தாளுக்கு இரண்டு மணி நேரத்தில் 100 கேள்வி, தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். தெரியாததை விட்டுவிடத் தெரிந்தவன்தான் அங்கே ஜெயிப்பான். டிஎன்பிஎஸ்சியில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை, அதனால் கொஞ்சம் தெரிந்தாலும் யோசித்து ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால்கூட விடைத்தாளில் அதற்கென்று இருக்கும் ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும். இந்த மாதம் விட்டுவிடப் பழகிய கை அடுத்த மாதம் குறிக்கப் பழக வேண்டும். அந்தப் பையன் இரண்டிலும் திணறியதற்குக் காரணம் அவனுடைய மூளை இல்லை.

இன்னொன்றும் உங்களில் பலருக்குத் தெரியாது. யுபிஎஸ்சிக்கு முயற்சிகளுக்கு எண்ணிக்கை உண்டு. பொதுப் பிரிவுக்கு ஆறு, ஓபிசிக்கு ஒன்பது, எஸ்சி, எஸ்டிக்கு வயது வரம்பு வரை. விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் அது கணக்கில் வராது. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளுக்குப் போய் உட்கார்ந்தாலே ஒரு முயற்சி போய்விடும். “சும்மா எழுதிப் பாரு, காசு கட்டியாச்சுல்லா” என்று படிக்காத பிள்ளையைத் திருவனந்தபுரத்து மையத்துக்கு அனுப்பி வைக்காதீர்கள்.

ஆகவே அந்த ஒரு நாள் பேச்சில் முதல் கேள்வி, யுபிஎஸ்சியா டிஎன்பிஎஸ்சியா என்பதுதான். யுபிஎஸ்சி குடிமைப் பணிக்கு 2025 அறிவிப்பில் நாடு முழுவதற்கும் இருந்த இடம் 979. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம், ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வருஷம். 2024 தேர்வின் இறுதி முடிவு 2025 ஏப்ரல் 22 அன்று வந்தது. அடுத்த முதல்நிலைத் தேர்வு மே 25. நேர்முகம் வரை போய் முடிவுக்குக் காத்திருந்தவர்களுக்கு நடுவில் கிடைத்தது ஒரு மாதம். அதனால்தான் அங்கே ஒரு வருஷம் என்பது மூன்று வருஷம் ஆகிறது. இதைத் தெரிந்துகொண்டு, “சரி, மூன்று தடவை எழுது, அதுவரை வீட்டுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்ல முடிகிற வீடு சொல்லட்டும். முடியாத வீடு அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும். முடியாது என்பது அவமானம் இல்லை. சொல்லாமல் வைத்திருந்து பாதி வழியில் இழுப்பதுதான் பிள்ளையை உடைக்கிறது.

என்னுடைய கருத்தைக் கேட்டால், கையில் வருமானம் இல்லாத வீட்டுப் பிள்ளை டிஎன்பிஎஸ்சியில் தொடங்குவதுதான் நல்லது. குரூப் 4-க்கு பத்தாம் வகுப்பு போதும், ஒரே தேர்வு, நேர்முகம் கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையுள்ள பள்ளிப் புத்தகங்களை ஒழுங்காகப் படித்தால் அதற்கான அடித்தளம் வந்துவிடும். வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், தமிழ்நாட்டு நிர்வாகம் என்று அதே பாடங்கள்தான் கூடுதல் ஆழத்தோடு குரூப் 2-க்கும் குரூப் 1-க்கும் வருகின்றன. முதலில் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டு, சொந்தச் சம்பளத்தில் மேல் தேர்வு எழுதுகிற பிள்ளையின் முகமே வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு இரவும் சோற்றுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள்.

ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. குரூப் 4-இல் 100 கேள்வி தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படிக்க வைத்து, சிலரை விளவங்கோடு பக்கம் மலையாளமும் படிக்க வைத்துவிட்டு, இப்போது தமிழ்த் தாளில் திணறுகிறான் என்று அவனைக் குறை சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இலக்கணத்துக்கு மட்டும் தனியாகச் சில மாதம் வேண்டும். அதையும் சேர்த்துத்தான் தேதியை வைக்க வேண்டும்.

தேதி ஏன் வேண்டும் என்கிறேன் தெரியுமா? யுபிஎஸ்சிக்கு ஓபிசி வயது வரம்பு 35. முப்பத்தைந்து வரை எழுதுவோம் என்று நினைத்து யாரும் தொடங்குவதில்லை. முடிவு தேதி வைக்காததால் அங்கே போய் நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டும் பயனில்லை. குரூப் 4-க்கு 2024 அறிவிப்பில் 6,244 இடம், 2025 அறிவிப்பில் 3,935. ஒரு வருஷம் பாஸான பிள்ளையும் அடுத்த வருஷம் தோற்ற பிள்ளையும் ஒரே அளவு படித்திருக்கலாம்.

சரி, தேதி வைத்தாயிற்று. அப்புறம் உங்கள் வேலை என்ன? கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் தேவாலயத் திருவிழாவிலும் யாராவது கேட்பார்கள், “மக்ளே, சோலி வல்லதும் கிட்டிச்சா?” என்று. அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரே வாரத்தில் பத்துப் பேர் கேட்டால் அந்தப் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிடும். அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். “படிக்கான், இன்னும் ரெண்டு வருஷம் குடுத்திருக்கோம்” என்று அப்பா ஒரு தடவை சபையில் சொன்னால் போதும். அப்பா தலையைக் குனிந்துகொண்டால் மகனால் நிமிர முடியாது.

பெண்பிள்ளைகளின் அம்மாமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மகன் படித்தால் அறைக் கதவைச் சாத்திக் கொடுக்கிறீர்கள். மகள் படித்தால் தேங்காய் துருவக் கூப்பிடுகிறீர்கள். மாநில அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, அதைப் பயன்படுத்த அவளுக்குத் தொடர்ச்சியான நாலு மணி நேரம் வேண்டும். வீட்டில் இடமில்லாவிட்டால் நூலகத்துக்கு அனுப்புங்கள். முதன்மைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெண் பார்க்க ஆட்களை வரச் சொல்லாதீர்கள். அப்படி வரச்சொன்ன வீடுகள் எனக்குத் தெரியும். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு அவள் அன்றிரவு அழுதுகொண்டே புத்தகத்தைத் திறந்ததும் தெரியும்.

ஆண்பிள்ளைகளின் வீடுகளுக்கும் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் சோலி கிட்டினால் இத்தனை பவுன், இத்தனை லட்சம் சீதனம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு மகனைப் படிக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவன் மேல் ஏறும் சுமையில் பாதி அதுதான், அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். அதே மாதிரி, பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிற தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். தோப்பை ஒற்றி வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வராத வீடுகளில், கடைசியில் பழி படித்த பிள்ளையின் மேல்தான் விழுந்தது.

செலவு பற்றியும் பேச வேண்டும். சென்னையில் லட்சம் லட்சமாகக் கட்டினால்தான் பாஸாக முடியும் என்பது உண்மை இல்லை. நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலமாக இலவசப் பயிற்சி நடக்கிறது. யுபிஎஸ்சிக்கு, சென்னையில் தமிழக அரசே நடத்தும் பயிற்சி மையம் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறது. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தேர்வாகிற 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதமும், முதல்நிலையில் பாஸானால் முதன்மைத் தேர்வுக்கு 25,000 ரூபாயும் கொடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் முயன்றுவிட்டு, அப்புறம் நகையை எடுங்கள்.

உங்களால் மட்டுமே செய்ய முடிகிற உதவி ஒன்று உண்டு, சான்றிதழ். மாநிலத்தின் பிசி (பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் யுபிஎஸ்சிக்குச் செல்லாது, மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்க, ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளிலெல்லாம் சான்று வாங்க வேண்டும். பெயரிலும் இனிஷியலிலும் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையைப் படிக்க விட்டுவிட்டு அந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொண்டால், எவ்வளவு படித்தாய் என்று நூறு தடவை கேட்பதைவிட அது பெரிய துணை.

கடைசியாக, தேதி வந்து, வேலை கிடைக்காமல் போன வீடுகளுக்கு. அன்றைக்கு “இத்தனை வருஷம் வீணாயிற்றே” என்று சொல்லாதீர்கள். முதன்மைத் தேர்வு வரை போன பிள்ளைக்கு ஒரு பிரச்சினையைப் படித்து, ஒழுங்காக எழுதி, வாதிடத் தெரியும். பாடம் நடத்தலாம், பத்திரிகையில் சேரலாம், சட்டம் படிக்கலாம், சொந்தத் தொழிலில் கணக்கும் விதிமுறையும் பார்க்கலாம். முதல் நாள் பேச்சிலேயே மாற்று வழியைப் பேசி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அன்று பேசியதை ஞாபகப்படுத்தி, அந்த வழியில் அவனோடு முதல் அலுவலகம் வரை நீங்களும் கூடப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரும் ஒருத்தி
தக்கலை