உன் பெயரில் இன்னொருத்தி

பாப்பா,

அன்றைக்கு நீ போனில் "அம்மா, நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போறேன், கோபப்படாதே" என்று சொன்னதும், அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கரும் இல்லை ஒன்றும் இல்லை. கோபம்தான். மூன்று வாரமாக நான் பேசாததற்கும் அதுதான் காரணம், காட்பாடியில் டவர் சரியில்லை என்று உன் அப்பா சொன்னது பொய். வாட்ஸாப்பில் எழுதினால் நீ ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், வாய்ஸ் மெசேஜில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். பெங்களூரில் நீ போகிற சபையில், குழந்தையாக இருந்தபோது தெளித்த தண்ணீர் ஞானஸ்நானமே இல்லை, அது வெறும் பெயர் வைக்கிற சடங்கு என்று சொன்னார்களாம், நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். சரி, அன்று உனக்கு ஒன்றும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்குத் தெரிந்திருந்ததே. 1994-ல் உனக்கு மூன்று மாதம். அப்போதிருந்த பாதிரி ஐயர் உன்னைக் கையில் வாங்கியதும் அவருடைய வெள்ளை அங்கியை நனைத்துவிட்டாய், அவர் சிரித்துக்கொண்டே, "இவள் எனக்கு முதலில் கொடுத்துவிட்டாள்" என்றார். ஐந்து வருஷம் சர்ச் வாசலை மிதிக்காத உன் அப்பா அன்று சவரம் செய்துகொண்டு வந்து நின்று, இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்குள் வளர்ப்போம் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அன்றோடு குடியை விட்டார் என்று சாட்சி சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். விடவில்லை. இன்னும் நாலு வருஷம் ஆனது. ஆனால் ஒவ்வொரு முறை குடித்துவிட்டு வந்தபோதும் நான் சண்டையில் எடுத்த ஆயுதம் அந்த வாக்குதான். அதை ஒன்றும் இல்லாதது என்று நீ சொன்னால் எனக்கு வலிக்காதா?

உன் ஆயா இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார். குடியாத்தம் பக்கத்தில் அவருடைய அப்பா காலத்தில் தெருவே சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கியது. அமெரிக்க மிஷனரி ஸ்கட்டரின் பிள்ளைகள் 1853-ல் ஆரம்பித்த ஆற்காடு மிஷனில் வந்தவர்கள் நாம். ஊர்க் கிணற்றில் குடத்தை இறக்க விடாத ஊரில், ஒரு வெள்ளைக்காரர் தண்ணீரைக் கையில் அள்ளி நம் ஆட்களின் தலையைத் தொட்டு ஊற்றியிருக்கிறார். தண்ணீர் சில்லென்று இருந்ததை விட, தலையில் கை வைத்ததுதான் ஆயாவின் அப்பாவுக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்ததாம். அந்தத் தண்ணீருக்கு விலையும் கொடுத்தோம். கிறிஸ்தவர் ஆனால் எஸ்.சி. இல்லை என்று குடியரசுத் தலைவரின் 1950 உத்தரவு சொல்கிறது, இங்கே பி.சி. என்று எழுதிக் கொடுப்பார்கள். காலேஜ் சேரும்போது அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நீயும் நானும் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தோம்? சும்மா தெளித்த தண்ணீர் என்றால் அரசாங்கம் எதற்கு இத்தனை கணக்கு பார்க்கிறது, சொல்லு.

சரி, சண்டை முடிந்தது. எழுத உட்கார்ந்தது இதற்கில்லை, போன ஞாயிற்றுக்கிழமை நம் சர்ச்சில் நடந்ததைச் சொல்லத்தான்.

ஸ்டேஷன் பக்கம் கம்மங்கூழ் வண்டி போட்டிருக்கிற திருநங்கை ஒருத்தி, போன வருஷம் பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் வாராவாரம் வந்தாள். அந்தப் பெஞ்சில் அவளுக்கும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் நடுவில் இரண்டு முழம் காலியாகவே இருக்கும். ஆராதனையில் சமாதானம் கொடுப்பது உனக்குத் தெரியும், பலிபீடத்திலிருந்து ஆரம்பித்து ஒருவர் கைக்குள் இன்னொருவர் கையை வைத்துப் பெஞ்சு பெஞ்சாகப் போகும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துத் தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் தன் ஆராதனை முறையில் சேர்த்துக்கொண்டது என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சமாதானம் அவளுடைய பெஞ்சு வரைக்கும் வரும், அந்த இரண்டு முழத்தில் நின்றுவிடும். நான் பார்த்திருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

அவள் ஞானஸ்நானம் கேட்டாள். கமிட்டியில் ஒரே கூச்சல். ஒருவர் ஆணாக வந்து வாங்கட்டும் என்றார். இன்னொருவர், பதிவுப் புத்தகத்தில் ஆண் பெண் என்று இரண்டுதான் இருக்கிறது, எதில் எழுதுவது என்றார். அவள் பையிலிருந்து கலெக்டர் கொடுத்த அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்ட பெயரை எழுத நமக்குப் பேனா வரவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் என்று என்னையும் கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. "அறுப்பின் பண்டிகை முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். பண்டிகை முடிந்தது, கிறிஸ்துமஸ் முடிந்தது, எட்டு மாதம் போனது. மறுப்பதற்கு நம் ஊரில் இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது.

என் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பைபிளில் எத்தனை பெண்கள் பெயர் இருக்கிறது, அவள் எடுத்துக்கொண்டது உன் பெயரை.

புதிதாக வந்த ஆயர் இளவயசுக்காரர், கமிட்டிக்குப் பயப்படாதவர், தேதி குறித்துவிட்டார். பாடம் அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரம், பிலிப்புவும் எத்தியோப்பிய மந்திரியும். நாற்பது வருஷமாக நான் படிக்கிற பகுதி, ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம்கூட வரைந்து காட்டியிருக்கிறேன், ரதம், குதிரை, தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர். ஆயர் சொன்னார், நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் மந்திரி என்று போட்டிருக்கிற இடத்தில் மூலத்தில் இருக்கிற வார்த்தைக்கு அர்த்தம் அண்ணகன், ஆண்மை நீக்கப்பட்டவன். பொக்கிஷம் முழுவதும் அவன் கையில் இருந்தது, ஆனால் உபாகமத்தின்படி கர்த்தருடைய சபைக்குள் வர முடியாதவன். எருசலேமுக்குப் பணிந்துகொள்ளப் போய்த் திரும்பி வரும் வழியில் ஏசாயாவின் புத்தகத்தில் 53-ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருக்கிறான். இன்னும் மூன்று அதிகாரம் தள்ளினால் 56-ல் அவனுக்கே எழுதின மாதிரி இருக்கிறது: "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக." அண்ணகனும் திருநங்கையும் ஒன்றில்லை, அதை அவரே சொன்னார். கதவுக்கு வெளியே நிறுத்திவைத்ததில்தான் இரண்டு பேரும் ஒன்று.

அப்புறம் அந்த வனாந்தர வழியில் தண்ணீரைக் கண்டதும் அவன் கேட்ட கேள்வியை ஆயர் இரண்டு தரம் வாசித்தார். "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?"

தடை ஆரணிப் பட்டுக் கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது, பாப்பா.

அவளைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நம் ஆட்களுக்கு என்ன எதிர்பார்ப்பு என்று உனக்குத் தெரியும், நான் அப்படி இருந்தேன் இப்படி ஆகிவிட்டேன் என்று அழுதுகொண்டே சொல்லவேண்டும், முடிந்தால் புடவையைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "முன்னாடி கடை கடையா காசு கேக்கப் போறப்ப குடுக்காதவங்களை வாய்க்கு வந்தபடி சாபம் விடுவேன். இப்ப கூழ் வாங்கிட்டு காசு குடுக்காம போறவனைப் பாதிதான் திட்றேன்" என்றாள். சபையே சிரித்துவிட்டது. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நாலு வருஷம் எடுத்துக்கொண்ட மனுஷனுக்கு அந்தப் பாதியின் கணக்கு தெரியும்.

அவள் பக்கத்தில் நிற்க யாரும் இல்லை. சொந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை, கூட வந்திருந்த இரண்டு திருநங்கைகள் உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஆயர் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க வந்து நில்லுங்க" என்றார். எத்தனை பேர் இருக்க என்னை ஏன் கூப்பிட்டார் என்று இன்னும் கேட்கவில்லை. எழுந்து போனேன். அதே கல் தொட்டிதான், மேலே மரமூடி, உள்ளே பித்தளைப் பாத்திரம். அன்று குழாயில் தண்ணீர் வராமல் கேன் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார்கள், நம் வேலூரைப் பற்றித் தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று சும்மாவா சொன்னார்கள். உங்கள் சபைக்காரர்கள் இங்கே வந்து பாலாற்றில் முழுக்குக் கொடுக்க வேண்டுமானால் 2021 மாதிரி இன்னொரு வெள்ளம் வந்தால்தான் உண்டு.

அவள் குனிந்தாள். கொண்டையில் கனகாம்பரம், கழுத்துப் பின்னால் பவுடர் திட்டாக இருந்தது, கைகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஆயர் உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீரை எடுத்து, உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. பிதா என்று ஒரு தரம், குமாரன் என்று ஒரு தரம், பரிசுத்த ஆவி என்று ஒரு தரம். தண்ணீர் அவள் நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. துவாலை யாருமே கொண்டு வரவில்லை, அது என் பொறுப்பு, எட்டு மாதம் தள்ளிப்போடத் தெரிந்தவளுக்கு ஒரு துவாலை எடுத்து வரத் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டேன். கனகாம்பரத்தின் ஆரஞ்சுச் சாயமும் பவுடரும் பட்டில் ஒட்டிக்கொண்டது, டிரை வாஷுக்குக் கொடுத்தும் கறை முழுசாகப் போகவில்லை.

பிறகு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, நாங்கள் வாங்கிய ஞானஸ்நானத்தை நினைத்து வாக்கைப் புதுப்பிக்க வைத்தார். மாவிலைக் கொத்தைப் பாத்திரத்தில் நனைத்துப் பெஞ்சு பெஞ்சாகத் தெளித்துக்கொண்டே போனார். இது கத்தோலிக்கர் பழக்கம் ஆச்சே என்று பின்னால் ஒரு பெரியவர் முணுமுணுத்தார், ஆனால் தன்மேல் தண்ணீர் படவில்லை என்று கழுத்தை நீட்டியதும் அவர்தான்.

சமாதானம் கொடுக்கிற நேரத்தில் அவள் இன்னும் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அதனால் ஆயர் முதலில் அவள் கையைப் பிடித்தார். அவள் திரும்பி என் கையைப் பிடித்தாள். கூழ் கிண்டுகிற கை, உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது. எனக்கு வந்ததை நான் முதல் வரிசைக்குக் கொடுத்தேன், அங்கிருந்து பின்னால் போனது. கமிட்டியில் கூச்சல் போட்ட இரண்டு பேருக்கும் அதுதான் போயிருக்கும், வேறு சமாதானம் அன்று இல்லை.

பதிவுப் புத்தகத்தில் சாட்சி என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். பழைய புத்தகத்தையும் எடுத்துக் காட்டச் சொல்லி 1994-க்குப் போய்ப் பார்த்தேன். ஐயரின் சாய்ந்த கையெழுத்தில் நீ இருக்கிறாய். இரண்டு பெயரும் ஒன்றே.

நீ எடுக்கப்போவது சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. "ஒரே ஞானஸ்நானம்" என்று எபேசியரில் இருக்கிறது, உங்கள் பாஸ்டரிடம் அதைக் கேள், என்ன பதில் சொல்கிறார் என்று எனக்கு எழுது. ஆனால் பார்க்கலாம் பார்க்கலாம் என்று உன்னையும் எட்டு மாதம் இழுத்தடிக்க எனக்கு மனசில்லை. எந்த ஞாயிறு என்று மட்டும் சொல். சனிக்கிழமை காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் அப்பாவும் நானும் வந்துவிடுகிறோம். ஆமென் சொல்வேனா என்று தெரியாது, தண்ணீர் ஓரத்தில் நிற்பேன்.

முள்ளுக் கத்தரிக்காய் கொண்டு வருகிறேன், எண்ணெய் மட்டும் வாங்கி வை. துவாலை நீ எடுக்க வேண்டாம், இந்தத் தடவை நான் மறக்க மாட்டேன்.

அம்மா
காட்பாடி