முதலில் எர்த்தைப் பார்

அன்புள்ள சண்முகத்திற்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்று காதுகுத்தில் உன் பேத்தி அடம்பிடித்த கதையை என் மனைவி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இங்கே பட்டறையைப் பெரியவன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லிவிட்டு வருகிறேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். புது பேட்டரி போட்டும் சாவியைத் திருப்பினால் கடகடவென்று சத்தம்தான் வருகிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் பின்னால் சிவப்பு விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. இப்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். மாற்றாதே. எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம்.

ஐ.டி.ஐ.யில் தண்ணீர்க் குழாயைக் காட்டித்தான் நமக்கு மின்சாரம் சொல்லிக்கொடுத்தார்கள். குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். ஒயர் அறுந்தால் எதுவும் கொட்டாது, அந்தச் சுற்றே நின்றுவிடும். பேட்டரியிலிருந்து புறப்பட்டது பேட்டரிக்கே திரும்ப வேண்டும். காரில் திரும்பும் வழிக்குத் தனி ஒயர் இழுப்பது குறைவு. பாடித் தகடுதான் அந்த வேலையைச் செய்கிறது; அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். மழையும் துருவும் முதலில் பிடிப்பதும் அந்தத் தகட்டைத்தான்.

பின்விளக்கில் நடப்பதைப் பார். இண்டிகேட்டர், பார்க்கிங், பிரேக் பல்புகள் மூன்றுக்கும் ஒரே எர்த். அதன் திருகு துருப்பிடித்துவிட்டால், இண்டிகேட்டர் பல்பைக் கடந்த மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாக ஏறி, அதன் ஒயரில் பின்னோக்கி ஓடி, வேறு விளக்கின் எர்த்தில் போய் இறங்குகிறது. அதனால்தான் சிவப்பும் மினுக்குகிறது. திருகைக் கழற்றி, தகட்டை உப்புத்தாளால் பளபளப்பாகும்வரை தேய்த்து, இறுக்கிவிட்டு கிரீஸ் தடவு. செலவு ஒரு டீக்காசு.

இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் அப்படி இல்லை, அது ராட்சசன். 55 வாட் ஹெட்லைட்டுக்கு ஐந்து ஆம்பியர்கூட வேண்டாம். செல்ஃப் 150 ஆம்பியரைச் சாதாரணமாக இழுக்கும். ஓம் விதியைப் போட்டுப் பார்: வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். ஹெட்லைட்டுக்கு அதே தடை ஒரு பொருட்டே இல்லை. விளக்கு நன்றாக எரிகிறது, அதனால் எர்த்தும் சரி என்று உன் மெக்கானிக் சொன்னது இதனால்தான் செல்லாது. மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தேடுவதும் வீண்; மீட்டர் ஒயர்களின் தடையே அதைவிட அதிகம்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வை. ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வை, கிளாம்ப் மேல் வைக்காதே. மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்து. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். தம்பியைச் சாவி திருப்பச் சொல். 0.2, 0.3 வோல்ட் என்றால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டை எட்டினால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் அந்தப் பின்னல் பட்டையைக் கழற்றிப் பார். பாதி இழைகள் பச்சை பூத்து உதிர்ந்திருக்கும். கடகட சத்தத்துக்கும் காரணம் இதுவாக இருக்கலாம். சாலினாய்டு, அதாவது செல்ஃபுக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச், இழுக்கும், மோட்டார் கேட்கும் சுமையில் வோல்ட் சரியும், சாலினாய்டு விட்டுவிடும், மறுபடி இழுக்கும்.

டைனமோவைப் பார்ப்பது இன்னும் சுலபம். எப்படியாவது வண்டியை ஸ்டார்ட் செய்தபின் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வை. 13.8-லிருந்து 14.5-க்குள் காட்டினால் டைனமோ மேல் பழி போடாதே.

இன்னொன்று. 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது என்று சாதாரணமாக எழுதியிருக்கிறாய், எனக்குப் பகீரென்றது. ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, ஒயரை. டேஷ்போர்டுக்குள் ஒயர் புகைந்தால் வண்டியே மிஞ்சாது. இன்றே கழற்றிப்போடு.

மீட்டர் காட்டியதை எழுது. இரண்டு எர்த்தும் சரியாக இருந்தால், பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃப் போல்ட் வரை இதே சோதனையைச் செய்து அந்த அளவையும் சேர்த்து எழுது. டைனமோவுக்கு அதுவரை பணம் கொடுக்காதே.

அன்புடன்,
முருகேசன்