தங்கச்சிக்கு, அந்தப் படத்தைப் பற்றி

தங்கச்சி,

சுவரில் மாட்டியிருந்த, நான் திருத்திய உன் படத்தைக் கழற்றிவிட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். வந்தவுடனேயே கண்டுவிட்டார். "ஆணி மட்டும் நிக்குது, வடிவில்லை" என்றார், அவ்வளவுதான். நாளைக்கு உனக்குப் பதினெட்டு.

2020 பெப்ரவரி, நீ பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீடு முடிந்து நாலாம் நாள் இரவு. ஸ்டூடியோக் கதவு பாதி இறக்கியிருந்தது. மிஞ்சிய கட்லட்டைச் சாப்பிட்டபடி நீ எனக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தாய். "அக்கா, கை குண்டா இருக்கு" என்றாய். "இரு" என்றேன். ஃபோட்டோஷொப்பில் லிக்விஃபை என்று ஒன்று இருக்கிறது. மௌஸால் தள்ளத் தள்ளக் கை உள்ளே போகும், பிசைந்த மா மாதிரி. கையோடு சேர்ந்து பின்னாலிருந்த மணவறைத் தூணும் வளைந்துவிட்டது. தூண் வளைந்தால் பார்க்கிறவர்கள் பிடித்துவிடுவார்கள். அதை நிமிர்த்த 20 நிமிடம் மினக்கெட்டேன். உன் கைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு தாடை. பிறகு நிறம், கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்து, ஒட்டுத் தெரியாமல்.

திரும்பினேன். நீ கட்லட்டை வைத்துவிட்டு, ஒரு மணிக்கட்டை மற்றக் கை விரல்களால் சுற்றிப் பிடித்து அளந்துகொண்டிருந்தாய். கண்டேன். கண்டும், "சாப்பாட்டை எறியாதே" என்று மட்டும்தான் சொன்னேன்.

மார்ச் 20 ஊரடங்கு. ஒன்லைன் வகுப்புக்கென்று உன் கையில் போன். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். மாமிமாரும் இதை வாசிப்பார்கள்.

2021 செப்டெம்பரில் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது ஒன்று விடாமல் வாசித்தேன். உடம்பை நினைத்து மனம் நொந்திருக்கும்போது இன்ஸ்டகிராம் அதை இன்னும் கூட்டுகிறது என்று பதின்ம வயதுப் பெண்களில் 32 வீதமானோர் அவர்களுடைய ஆய்விலேயே சொல்லியிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதி வந்தது. அப்பாடா, நான் இல்லை, அவர்கள். நீ எப்போதாவது கேட்டால் காட்டலாம் என்று ஸ்கிரீன்ஷொட்கூட எடுத்து வைத்தேன்.

நீ கேட்கவில்லை, வீடியோ போட்டாய். "எனக்கு முதல்முதல் ஃபில்டர் போட்டது வீட்டில ஒருத்தர்தான்." பெயர் சொல்லாததற்கு நன்றி. வெள்ளவத்தையில் படம் திருத்துகிற அக்கா உனக்கு எத்தனை பேர்? கிளினிக் வாங்கில் உன்னோடு மணிக்கணக்காக இருந்ததும் அதே ஒருத்தர்தான். அதைச் சொன்னால் வீடியோ நீண்டுவிடுமாக்கும். இன்னொன்று, அந்த வீடியோவிலும் உன் முகத்தில் ஃபில்டர் இருந்தது. நீ தலையைத் திருப்பும்போது காது விளிம்பு வழுக்கியது. எனக்குத் தெரியாதா?

சரி, இதை எழுதியிருக்கக் கூடாது. ஆனாலும் அழிக்கவில்லை.

விளம்பரப் படத்தில் உடம்பின் அளவையோ தோலையோ மாற்றினால் குறி போட்டுக் காட்ட வேண்டும் என்று நோர்வேயில் 2022 ஜூலையிலிருந்து சட்டமாம். ஒஸ்லோப் பெரியம்மா சொன்னார். அந்தக் குறி எங்கள் அல்பங்களுக்கும் வந்தால் படத்துக்கே இடமிருக்காது. நான் இன்னும் அதே வேலைதான் செய்கிறேன், உனக்குப் பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று தாய்மார் கேட்டால் ஆக்கிக் கொடுக்கிறேன். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் செய்வதில்லை. முதலில் அதை வெளியே அனுப்பிவிடுவேன்.

பழைய ஹார்ட் டிஸ்கில் உன் அசல் படம் கிடந்தது. 12க்கு 18 அளவில் பிரிண்ட் எடுத்திருக்கிறேன். கட்லட் சாப்பிட்ட அதே கை. வாயைத் திறந்து எதற்கோ சிரிக்கிறாய், யார் பகிடி விட்டார்கள் என்று ஞாபகமில்லை. ஃபிரேம் போடவில்லை, சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். நாளைக்கு வந்து பார். வேண்டாம் என்றால் சொல்லு, அந்த ஆணியையும் பிடுங்கிவிடுகிறேன்.

அக்கா