தரையில் இரண்டு தட்டு: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடந்துவந்த எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த தற்காப்புக் கலை) வகுப்பை நிறுத்திவிட்டீர்கள். "ரவுடிகளை உருவாக்கும் விளையாட்டு" என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அந்த வகுப்பில் என் பதினைந்து வயது மகளும் இருந்தாள்.

இந்தக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யூஎஃப்சி (இன்று எம்எம்ஏவின் மிகப் பிரபலமான போட்டித் தொடர்) போட்டியை நடத்தியவர்களே "விதிகள் கிடையாது" என்று விளம்பரம் செய்துதான் கூட்டம் சேர்த்தார்கள். எடைப் பிரிவு இல்லை, புள்ளி போட ஆளும் இல்லை. அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெயின் அதை மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டை என்றார். 1997இல் நியூயார்க் மாநிலம் தடை போட்டது. அன்று என்னிடம் கேட்டிருந்தால் நானும் தடை செய்யுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் விளையாட்டு அங்கேயே நின்றுவிடவில்லை. 2001 வாக்கில் நியூ ஜெர்சியில் பொது விதிகள் வந்தன. கண்ணில் விரல் விடக் கூடாது, பிடரியில் அடிக்கக் கூடாது, விழுந்தவர் தலையில் உதைக்கக் கூடாது. நியூயார்க்கே 2016இல் தடையை நீக்கியது.

ஒரு சனிக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் மகளின் கழுத்தை இன்னொரு பெண் பின்னாலிருந்து கையால் வளைத்துப் பிடித்திருந்தாள். மகளின் முகம் சிவந்தது. எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மகள் தரையில் விரித்திருந்த மெத்தை விரிப்பில் (மேட்) இரண்டு முறை தட்டினாள்; 'போதும், விடு' என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது தட்டு முடிவதற்குள் அந்தக் கை விலகிவிட்டது. "வலிச்சுதா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டியதும் அதே பெண்தான். இன்னொரு நாள், தட்டிய பிறகும் ஒரு நொடி பிடியை விடாத பையனை மாஸ்டர் மாலை முழுக்க ஓரமாக உட்கார வைத்துவிட்டார். எதிராளி போதும் என்றதும் விட்டுவிட எந்த ரவுடி கற்றுக்கொண்டிருக்கிறான், ஐயா?

காயம் பற்றிய உங்கள் பயம் எனக்கும் உண்டு. கனடாவின் எட்மண்டனில் பத்தாண்டுப் போட்டிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஏதாவது காயம் பட்டவர்கள் எம்எம்ஏவில் 59.4 சதவீதம், குத்துச்சண்டையில் 49.8 சதவீதம். ஆனால் நினைவிழந்தவர்கள் குத்துச்சண்டையில் 7.1 சதவீதம், எம்எம்ஏவில் 4.2. இரண்டுமே எனக்குக் கவலைதான். அதனால்தான் நம் பிள்ளைகளுக்குத் தலையில் அடிக்கும் பயிற்சியே வேண்டாம் என்று பெற்றோர் கேட்டோம், மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். ஆனால் 2012 ஒலிம்பிக்கில் மேரி கோம் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றபோது நாடே கொண்டாடியதே, யாரும் அவரை ரவுடி என்று சொல்லவில்லையே? 2024 ஜூனில் முசாஃபர்நகர் பகுதியைச் சேர்ந்த பூஜா தோமர் யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். என் மகளின் மேசைக்கு மேலே அவர் படம் ஒட்டியிருக்கிறது.

இப்போது வகுப்பு மாஸ்டர் வீட்டு மொட்டை மாடியில் நடக்கிறது. மேட்டுகள் சங்கத்தின் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடப்பதால், விழுந்து எழும் பயிற்சியை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அடிபடாமல் இருக்கக் கற்றுத்தருவதே அந்தப் பயிற்சிதான். கூடத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் வந்து பாருங்கள். மேட்டுகளை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். தூக்கிக்கொண்டு போக நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
சி பிளாக்கிலிருந்து ஒரு மாணவியின் அம்மா