சியாமெனில் ஒரு கைநாட்டு டீச்சர்

சியாமென்,
அக்டோபர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் தம்பியும் சுகம்தானே? தம்பி, இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. நானே படிக்கிறேன் என்று அவள் கண்ணாடியைத் தேடினால் விட்டுவிடு; அதற்காகவே எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப் இங்கே தடை. இங்கே எல்லாரும் பேசுகிற வீசாட் 2020-லிருந்து நம் நாட்டில் தடை. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து என்னைத் தபால் பெட்டிப் பக்கம் தள்ளிவிட்டன. நம்ம ஊர் சிம்மை ரோமிங்கில் போட்டால் வாட்ஸ்அப் வரும், ஞாயிற்றுக்கிழமை பேசுவது அப்படித்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் நீ "சாப்பிட்டியா" என்று மூன்று தடவை கேட்பதற்கும் நான் மூன்று தடவை "ஆச்சு" என்பதற்குமே காசு கரைந்துவிடுகிறது.

புறப்பட்ட கதையை முதலில் சொல்கிறேன். நீ பார்த்தது பெட்டி கட்டிய நாலு நாளைத்தான். அதற்கு முன்னால் ஆறு மாதம் நான் அலைந்ததை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், "எதுக்கு இந்தப் பாடு, மாலத்தீவுல நாலு வருஷம் இருந்தது போதாதா" என்பாய். என் டிகிரி சான்றிதழில் பேருக்கு முன்னால் ஒரே ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பேராக நிற்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று. சீனாக்காரருக்கு அது இரண்டு பெண்கள். இரண்டு பேரும் நானேதான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, அதையும் சான்றிதழோடு சேர்த்து அனுப்பினேன். மாநில அரசின் சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. போலீஸ் விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தாரே, நீ மோர் கொடுத்து அனுப்பினாயே, அது இதற்குத்தான். கடன் விஷயமாக வந்தவர் என்று நீ நினைத்தது எனக்குத் தெரியும்.

அந்தப் பேர்க் குழப்பம் இங்கே வந்தும் விடவில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பேர் இருக்கிறது. சீனர்கள் குடும்பப் பெயரைத்தான் முன்னால் சொல்வார்கள். அதனால் பள்ளிக்கூட அடையாள அட்டையில், வகுப்புப் பட்டியலில், என் மேஜையில் எல்லாம் நான் முத்தையா. பிள்ளைகளுக்கு மிஸ் முத்தையா. அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் நீ வாயால் சொல்லாத பேர் அது. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிச் சொல்ல வைப்பாய். அதை இங்கே தினமும் காலையில் வராந்தா முழுக்கப் பிள்ளைகள் கூவுகிறார்கள். முதல் நாள் திரும்பிப் பார்த்தேன், அப்பாதான் வந்து நிற்கிறாரோ என்று.

தம்பி, இனி வருவது உனக்கு. எம்.ஏ. ஆங்கிலம் படித்த உன் சிநேகிதன் இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரலாமா என்று கேட்டானாம். இங்கே ஆங்கிலம் கற்பிக்கப் பொதுவாக அதைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். இயற்பியல், கணக்கு மாதிரிப் பாடம் என்றால் வழி உண்டு. பட்டமும் இரண்டு வருஷ அனுபவமும் கையில் இருக்க வேண்டும். ஒரு ஏஜென்ட் என்னிடம், "பிசினஸ் விசாவில் போய்விடுங்கள் மேடம், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று தேன் தடவிப் பேசினார். அன்றைக்கே அவர் நம்பரை அழித்தேன். வேலைக்கு வருகிறவருக்கு இசட் விசாதான். அதற்கும் முன்னால் பள்ளிக்கூடம் வேலை அனுமதிக்கான அறிவிப்புக் கடிதத்தை வாங்கி அனுப்ப வேண்டும். வந்து இறங்கி 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும், 30 நாளைக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேறு வழி சொல்கிறவன் யாராக இருந்தாலும் பணத்தைக் கொடுத்துவிடாதே என்று அவனிடம் சொல்.

சரி, அம்மா. பெட்டியில் சீனச்சட்டியை வைக்க நீ பட்ட பாடு நினைவிருக்கிறதா? "சீனாவுக்கே சீனச்சட்டியா?" என்று நான் சிரித்ததற்கு நீ முறைத்தாய். எடை கூடிப்போகும் என்று எடுத்து வெளியே வைத்தேன். இங்கே கடைகளில் எங்கு பார்த்தாலும் அதே சட்டிதான், நீளமான ஒற்றைப் பிடியோடு. நல்லவேளை, மிக்சியையும் குக்கரையும் விட்டுவரவில்லை. கரண்ட் இங்கே 220 வோல்ட், நம்ம ஊர் 230-க்குப் பக்கம்தான், சுவரில் இருக்கிற ஓட்டைதான் வேறு; ஓர் அடாப்டர் போதும். பச்சைக் காய், பழம், இறைச்சி, விதை எதுவும் கொண்டுவரக் கூடாது என்பதால் கறிவேப்பிலைக்கு வழியில்லை. நீ திரித்துக் கொடுத்த பொடியை ஸ்பூன் நுனியால் எடுத்துப் போடுகிறேன்.

ஊர் எப்படி என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாய். சியாமென் ஒரு தீவு; ஃபூஜியான் மாகாணக் கரையோடு பாலங்களால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரம் கரைக்கு அப்பாலும் பரந்து கிடக்கிறது. முன்பு வெள்ளைக்காரர்கள் அமோய் என்று சொன்ன துறைமுகம் இதுதான். 1980-லிருந்து சிறப்புப் பொருளாதார மண்டலம், அதனால் உயரமான கட்டடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மாடியிலிருந்து உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்போது தூத்துக்குடியில் நிற்கிற மாதிரி இருக்கும். வந்த முதல் வாரம் சாலையோரத்தில் ஒரு மரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பூ இல்லை. நீளமாக, வாள் மாதிரிக் கறுத்த காய் தொங்கியது. நாங்கள் சின்ன வயசில் சண்டை போட்டு மண்டையில் அடித்துக்கொண்ட அதே மயில்கொன்றைக் காய்! அதுதான் இந்த நகரத்தின் மரமாம். நகரத்தின் பூ காகிதப்பூ, பறவை வெள்ளைக் கொக்கு. பெரியம்மா வீட்டுக் காம்பவுண்டில் இருப்பதையெல்லாம் எடுத்து ஒரு நகரத்துக்குச் சின்னமாக வைத்த மாதிரி இல்லை?

அதனால் தூரமோ கடலோ எனக்குப் பயமாக இல்லை. கஷ்டமாக இருப்பது வேறு. நான் இங்கே கைநாட்டு, அம்மா.

பழைய பஸ் ஸ்டாண்டில் நீ ஒவ்வொரு பஸ்ஸாகப் போய், "ஐயா, இது திருச்செந்தூர் போகுமா?" என்று கேட்பாய். மூன்றாம் வகுப்போடு நின்றவள். நீ எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் வெட்கப்பட்டு நாலடி தள்ளி நிற்பேன், போர்டில்தான் எழுதியிருக்கிறதே என்று. இப்போது பெரிய கடை ஒன்றில், போகிற வருகிறவர்களை நிறுத்தி, கையில் இருக்கிற பாக்கெட்டைக் காட்டி, நான் கேட்கிறேன். யாரும் இல்லாத ஒரு நாள் சீனி என்று நினைத்து வாங்கி வந்து காப்பியில் போட்டது அஜினமோட்டோ. சீனியின் பேரிலேயே இருக்கிற தேசத்தில் சீனி எதுவென்று தெரியாமல் நின்றேன். கைபேசியின் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துக் கொடுக்கும், ஆனால் சில நேரம் அது சொல்வதற்கு எழுத்துத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

பேச்சும் அப்படித்தான். மாய் என்று ஒரு சொல். ஒரு ராகத்தில் சொன்னால் வாங்குவது, இன்னொரு ராகத்தில் விற்பது. நான் மீன் வாங்கப் போய் விற்க வந்தவள் மாதிரி பேசியிருக்கிறேன். ல, ள, ழ என்று பிள்ளைகளைப் படுத்திய பாவம். காய்கறிக்காரர் ஒருவர் கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காட்டினார். போன் பண்ணச் சொல்கிறார் போல என்று நம்பரைக் கொடுக்கப் போனேன். அது இங்கே ஆறு என்பதற்கான சைகையாம். ஆறு யுவான்.

இப்போது நாற்பது எழுத்து வரை தெரியும். முதலில் கற்றது கதவில் இருக்கிற இரண்டு: தள்ளு, இழு. பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். இரண்டு எழுத்துக்கும் இடப்பக்கத்தில் ஒரே மாதிரி ஒரு கீறல் இருக்கும், அது கை என்பதன் குறி. கையால் செய்கிற வேலை என்று அதை வைத்தே தெரியுமாம். காலையில் நான் அவளுக்கு விசையும் உந்தமும் நடத்துகிறேன், மாலையில் அவள் எனக்குத் தள்ளுவதையும் இழுப்பதையும் நடத்துகிறாள்.

பள்ளிக்கூடத்தில் உனக்குப் பிடிக்கக்கூடிய ஒரு வழக்கம் உண்டு. மதியம் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் தூங்குகிறார்கள், வகுப்பிலேயே, மேஜையில் தலை வைத்து. வாத்தியார்களும்தான். போன வாரம் சந்திரன் பண்டிகை. இவர்கள் காலண்டரில் எட்டாம் மாதப் பௌர்ணமி. ஆசிரியர் அறையில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஆறு தாயக்கட்டைகளை உருட்டி விளையாடினோம். இந்தப் பக்கத்துக்கே உரிய விளையாட்டு இது. சிவப்பு நாலு எத்தனை விழுகிறது என்பதுதான் கணக்கு. பெரிய பரிசுக்குப் பேர், பழைய ராஜாங்கத் தேர்வில் முதலாவதாக வந்தவருக்குக் கொடுத்த பட்டம். எனக்கு ஒரு டூத்பேஸ்ட் கிடைத்தது.

நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: சாப்பிடுகிறேன். காலையில் இவர்களும் கஞ்சிதான் குடிக்கிறார்கள், தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வறுத்த கடலையும். கடலையை வேகவைத்து ஓர் இனிப்பு செய்கிறார்கள், நம்ம பாயசத்துக்குத் தூரத்துச் சொந்தம். கடற்புழுவைக் கூழாக்கி உறையவைத்து ஒன்று விற்கிறார்கள்; அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். டீ மட்டும் உனக்கு ஒத்துவராது. பால் கிடையாது, சீனி கிடையாது, கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் பத்து தடவை ஊற்றுவார்கள். ஆனால் டீ, தேயிலை என்று நாம் சொல்கிற அந்தத் 'தே' இந்தக் கரைப் பேச்சிலிருந்து கப்பல் ஏறிய சொல்தான். எதிர்வீட்டுப் பாட்டி கிண்ணத்தை நீட்டி "தே" என்றதும், இங்கே வந்து எனக்குத் தானாகப் புரிந்த முதல் சொல் அதுதான் என்று தோன்றியது.

மாதத் தொடக்கத்தில் ஒரு வாரம் விடுமுறை. ரயிலில் சுவான்சோ போய் வந்தேன், அரை மணி நேரச் சொச்சம். கூட்டம் திருச்செந்தூர் சஷ்டி மாதிரி. அங்கே காய்யுவான் கோயில் என்று 686-ல் தொடங்கிய புத்தர் கோயில். பிரதான மண்டபத்துக்குப் பின்னால் போனால் இரண்டு கல்தூண்கள். எங்கோ இருந்த நம்ம ஊர் மாதிரிக் கோயில் ஒன்று அழிந்தபிறகு, மிங் ராஜாக்கள் காலத்தில் இங்கே கொண்டுவந்து நட்டவை. ஒரு வட்டத்துக்குள் நரசிம்மர், மடியில் இரணியன். இன்னொன்றில் இரண்டு மரத்துக்கு நடுவே கிருஷ்ணர். பக்கத்தில் இருந்த பலகை முழுக்கச் சீன எழுத்து. எல்லாரும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள், நான் படிக்காமலே தூணைப் படித்தேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக யாரையும் எதுவும் கேட்காமல்.

அந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அம்மா. 1281-ல் வெட்டியது, குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்கிறவர் சிவனைப் பிரதிஷ்டை பண்ணிய செய்தி. நம்ம கடற்கரை வணிகர்கள் அப்போதே இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். அதன் படத்தைக் கைபேசியில் வைத்திருக்கிறேன். பழைய எழுத்து, உன்னை மாதிரி எழுத்துக் கூட்டித்தான் பார்க்கிறேன், இரண்டு மூன்று சொல் பிடிபட்டது. தமிழ் முடிந்ததும் கடைசியில் ஒரே ஒரு வரி சீன எழுத்து. அந்த வரியை அவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்களோ.

தம்பி, சாம்பார் பொடியும் கொத்தவரங்காய் வத்தலும் அனுப்பு. மக்ரூன் வேண்டாம், பொடிந்து மாவாக வந்து சேரும். பார்சல் மேல் ஒட்டுவதற்கு என் முகவரியைச் சீன எழுத்தில் அச்சடித்து நாலு தாள் இதோடு வைத்திருக்கிறேன். பார்த்து எழுத முயற்சி செய்யாதே, வெட்டி அப்படியே ஒட்டு. தலைகீழாக ஒட்டிவிடுவாய் என்று மேல் பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் மகள்