இறங்குமுன் பத்து நிமிடம்

நோட்டன் பிரிட்ஜ்
ஜூலை 20

அன்பு மகள் தர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. ஆகஸ்ட் லீவுக்கு ஆபீஸ் பிள்ளைகளோடு நிலாவெளிக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் கித்துல்கலையில் ராஃப்டிங்கும் (காற்றடைத்த படகில் ஆற்றுப் பாய்ச்சலில் போவது) முடித்து வீட்டுக்கு வருவதாகச் சொன்னாய். மாதம் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் ஹிக்கடுவை, உனவட்டுனைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே நாட்களில் கிழக்கே, நிலாவெளி இருக்கும் திருகோணமலையும் பாசிக்குடாவும் அடங்கிக் கிடக்கும். டிசம்பரில் எல்லாம் மாறிவிடும். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய், அதனால்தான் கடிதம். கூட வருகிறவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

பீலியிலும் ஓடையிலும் குளித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்தவுடன் தெரியும். கடல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. எங்கே இறங்கினாலும் முதலில் பத்து நிமிடம் கரையில் நின்று பார். கையும் காலும் அசைக்காமல் மிதந்தால் இந்தத் தண்ணீர் என்னை எங்கே கொண்டுபோகும்? இதற்கு விடை தெரியாமல் முழங்காலுக்கு மேல் நனையாதே.

பத்து நிமிடம் ஏனென்றால், அலை ஒரே சீராக வருவதில்லை. சின்ன அலைகள் கொஞ்ச நேரம் வரும், பிறகு பெரியவை நாலைந்து சேர்ந்து வரும். சும்மா எட்டிப் பார்த்தால் அமைதியான நேரம் மட்டுமே கண்ணில் படலாம். கரையோரம் முழுக்க வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், நிறம் கொஞ்சம் இருண்டு, நுரையும் பாசியும் கடலை நோக்கிப் போகுமானால், அது வெளியே இழுக்கும் நீரோட்டம். அலைகள் கொண்டுவந்து குவித்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அமைதியாகத் தெரிவதால், நீந்தத் தெரியாதவர்கள் தேடிப்போய் இறங்குவதும் அங்கேதான். சில வேளை அதன் வேகம் விநாடிக்கு 2 மீற்றரைத் தாண்டும்; ஒலிம்பிக்கில் நீந்துகிறவராலும் எதிர்த்து வர முடியாது. அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்தாதே. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கு, ஒரு கையை உயர்த்திக் காட்டு. அது ஆளை அடியில் அமுக்காது, வெளியே மட்டும் கொண்டுபோகும். தெம்பு வந்ததும் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு சாய்வாகக் கரையேறு.

ஆனால் நிலாவெளியில் ஆகஸ்டில் எனக்கு அலையைவிடப் பயம் காற்றுத்தான். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அது அலையை அமுக்கி, கடலைக் கண்ணாடி மாதிரிக் காட்டும். அந்தக் கண்ணாடியில் காற்றடைத்த மெத்தையிலோ டியூபிலோ ஏறிப் படுத்தால், கண் அயர்ந்து விழிப்பதற்குள் கரை தூரத்தில் இருக்கும். காற்று மெத்தை கடலுக்கே வேண்டாம். நின்றபடி துடுப்புப் போடும் பலகை எடுத்தால், காலைப் பலகையோடு பிணைக்கும் பட்டையைக் கட்டாமல் ஏறாதே, கரையை ஒட்டியே போ. காற்று தள்ளத் தொடங்கினால் உடனே மண்டியிடு. போதாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் வலி. நிற்கிற உடம்பைக் காற்று பாய் மாதிரிப் பிடித்துத் தள்ளும். வர முடியாமல் போனாலும் பலகையை விட்டுவிட்டு நீந்தாதே. தேடி வருகிறவர்களுக்கு ஆள் தலையைவிடப் பலகை தூரத்திலேயே தெரியும்.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 2003இல் தேசியப் பூங்காவான இடம், நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். காலையிலேயே போங்கள், கூட்டம் குறைவு. தண்ணீருக்குள் பார்க்கப் போடும் ஸ்நோர்கல் முகமூடியை வாடகைக்கு எடுக்குமுன் கடையிலேயே சோதித்துப் பார். பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் ஒட்டவைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக்கொண்டு கையை எடு. விழாமல் நின்றால் உன் முகத்துக்குச் சரி. விழுந்தால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் வரும். கூட இறுக்கினால் ரப்பர் விளிம்பு மடிந்து இன்னும் அதிகமாக வரும். நெற்றி மயிர் நாலு விளிம்புக்கடியில் மாட்டினாலும் ஒழுகும். பொடியன்களுக்கு மீசையால் ஒழுகும், அங்கே கொஞ்சம் வாஸ்லின் பூசச் சொல். கண்ணாடியில் புகை படியாமலிருக்க உட்பக்கம் எச்சில் தடவித் தேய்த்து, கடல் நீரில் ஒரு தரம் அலசு. அருவருப்பென்றால் பேபி ஷாம்பு ஒரு சொட்டு.

மூச்சுவிட வாயில் வைக்கும் குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பதறாதே. "தூ" என்று ஒரே மூச்சில் பலமாக ஊது; அடுத்த மூச்சை மட்டும் மெதுவாக இழு, இல்லாவிட்டால் மிச்சத் துளி தொண்டைக்குப் போகும். இதை இடுப்பளவு தண்ணீரில் பத்துத் தரம் பழகிவிட்டு ஆழத்துக்குப் போ. போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போ, களைத்துத் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும். ஆழத்துக்கு முங்கவென்று வேகவேகமாக மூச்சு வாங்குகிறவர்களைத் தடுத்துவிடு. உடம்பில் காபனீரொட்சைட்டு குறைந்துபோய், மூச்சு முட்டும் உணர்வு வருமுன்னரே ஒட்சிசன் தீர்ந்து மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இது நடக்கிறது.

அங்கே செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் வரும். துரத்தாமல் விட்டால் அவை தம் பாட்டில் போகும். முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) மட்டும் கால் ஊன்றாதே. அது உயிருள்ளது, ஒரு மிதியில் உடைவது வளரப் பல வருடம். அது கீறிய புண்ணும் இலேசில் ஆறாது. குப்புற மிதப்பதால் முதுகும் முழங்காலின் பின்புறமும் வெந்துபோகும், நீளக் கை உடுப்புப் போட்டுக்கொள். சொறிமுட்டை (ஜெலி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காதே. கடல் நீரால் கழுவி, ஒட்டியிருப்பதைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சுடுநீரில் இருபது நிமிடம் வை. மூச்சுத் திணறினால் அம்புலன்சுக்கு, 1990 என்ற நம்பருக்கு அடி.

லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல். நாடியைத் தாண்டி ஏறினால் அது உனக்குப் பெரிது, வேறு கேள். ஜெட்ஸ்கி ஓடுகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது: வேக விசையை விட்டால் அது பக்கம் திரும்பாது. பின்னால் பீச்சும் தண்ணீர்தான் அதற்குச் சுக்கான். எதிரே ஆளோ படகோ வந்தால் பயத்தில் விசையை விட்டு ஹேண்டிலை மட்டும் திருப்புவார்கள். அது நேரே போய் மோதும். இன்ஜினை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும்.

இனிக் கித்துல்கலை. அந்த ஆறு நம்ம ஊர்த் தண்ணீர். நம்மைத் தாண்டிப் போகும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியாப் பக்கத்து மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. வழியில் காசல்ரீ, மவுசாக்கலை, நோட்டன், லக்சபான என்று அணைகள், மின் நிலையங்கள். அதனால் கித்துல்கலையில் வானம் வெளித்திருந்தாலும் ஆறு ஏறும். மேலே மழையாக இருக்கலாம், மின் நிலையம் விட்ட தண்ணீராக இருக்கலாம், அணையின் வான்கதவு திறந்திருக்கலாம். பாறையிலிருந்த ஈரக்கோடு மறைகிறதா, தெளிந்த தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறுகிறதா, சருகும் குச்சியும் வருகிறதா என்று பார். ஒன்றைக் கண்டாலும் எல்லோரும் கரையேற வேண்டும், உடுப்பை எடுக்கக்கூட நிற்கக் கூடாது. வழமையாக அங்குள்ள பாய்ச்சல்கள் கடினத்தில் இரண்டாம், மூன்றாம் தரம், புதியவர்களுக்குப் பொருத்தம். மட்டம் ஏறினால் அது வேறு ஆறு.

ராஃப்டில் விளிம்பில் உட்கார்ந்து, முன்னாலுள்ள காற்றுக் குழாய்க்கடியில் பாதத்தைச் செருகு. துடுப்பின் மேல் நுனியிலுள்ள கைப்பிடியை உள்ளங்கையால் மூடிப் பிடி, எதற்காகவும் விடாதே. விட்டால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லை உடைக்கும். பாய்ச்சலுக்குள் பயந்து துடுப்புப் போடுவதை நிறுத்துவது பெரிய பிழை. வேகமில்லாத ராஃப்டை வழிகாட்டியால் திருப்ப முடியாது, துடுப்பு தண்ணீரில் இருக்கும்வரை அது உனக்கும் ஊன்றுகோல்.

விழுந்தால் மல்லாந்து, கால் இரண்டும் ஆறு போகும் திசையில், பெருவிரல் தண்ணீருக்கு மேலே தெரிய மிதந்து வா. ஓடும் தண்ணீரில் எழும்பி நிற்கவே கூடாது. கால் பாறை இடுக்கில் மாட்டும், பின்னால் வரும் தண்ணீர் உடம்பை முன்னே சாய்த்து அமுக்கும். தொடையளவு தண்ணீரே இதற்குப் போதும். விழுந்து கிடக்கும் மரம் எதிரே வந்தால் மட்டும் குப்புறத் திரும்பி விலகி நீந்து. விலக முடியாவிட்டால் தலைப்பக்கமாகப் போய் அதன் மேலே ஏறு. கால்பக்கமாகப் போனால் கிளைக்கடியில் செருகிவிடும். கயிறு எறிந்தால் கயிற்றைத் தோளுக்கு மேலாகப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாந்து கிட. கையில் சுற்றாதே. செருப்பு நிற்காது, நூல் கட்டும் பழைய சப்பாத்துக் கொண்டுவா. யாராவது பியர் குடித்தால் அவருக்கு அன்றைய தண்ணீர் முடிந்தது. தயவு தாட்சண்யம் பார்க்காதே.

காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் ஆற்றில் இறங்காதே, எலிக்காய்ச்சல் அதன் வழியாக ஏறும். முன்கூட்டியே மாத்திரை வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்டுக்கொள். வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆற்றில் இறங்கியதை முதலிலேயே சொல்லுங்கள்.

கித்துல்கலைக்கு வரும் அன்று காலை ஆறு மணிக்கு எனக்குக் கோல் எடு. இங்கே இரவு மழை எப்படி, வான்கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வேண்டாமென்றால் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள், எத்தனை பேரென்று மட்டும் அம்மாவுக்குச் சொல்லிவிடு.

அன்புடன்
அப்பா